‘கோதிக்’ கவிதை என்றாலே பேயும் இருட்டும்தானா? கபிலர் குன்று சொல்லும் துக்கத்தின் கதை

விழுப்புரத்தில் இருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் திருக்கோவிலூர். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றுக்குள் தனியாக நிற்கிறது ஒரு பாறை. அதன் உச்சியில் சின்னதாக ஒரு கோயில். பெயர், கபிலர் குன்று.

செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் பலர். அங்கே நடந்தது என்ன என்று கேட்டால், தமிழின் ஆழமான இரங்கல் கவிதைகளில் சிலவற்றுக்குப் போய்ச் சேரலாம்.

அதற்கு முன்னாடி, கோதிக் கவிதை என்றால் என்ன?

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில கவிஞர்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்று மரணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். ‘கல்லறைக் கவிஞர்கள்’ என்றே இவர்களுக்குப் பெயர். தாமஸ் கிரே ஒரு கிராமத்து மயானத்தை வைத்து எழுதிய இரங்கற்பா 1751-ல் வெளியானது. பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, கல்லறை, இறந்துபோன காதலி என இந்தப் பாணி வளர்ந்தது. அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ 1845-ல் ‘தி ரேவன்’ எழுதினார். காதலியை இழந்தவன் ஒருவன், ராத்திரியில் அறைக்குள் வந்த அண்டங்காக்கையிடம் கேள்வி கேட்கிறான். அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அது என்ன பதில் சொல்லும் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தே திரும்பத் திரும்பக் கேட்கிறான். கவிதையில் நம்மைப் பயமுறுத்துவது காக்கை இல்லை, அந்தக் கேள்விகள்தான்.

இருட்டு மட்டும் போதும் என்றால், விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் மாசி மாதம் நடக்கும் மயானக் கொள்ளையை விடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. சுடுகாடு, சாம்பல், ஆவேசம் எல்லாம் உண்டு. ஆனால் அது அங்காளம்மன் திருவிழா. அங்கே கூடுகிறவர்கள் துக்கம் அனுஷ்டிக்கப் போவதில்லை. ஆக, மயானம் இருக்கிற இடமெல்லாம் சோகம் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

தமிழில் இதற்கு என்ன பெயர்?

கையறுநிலை. தலைவனோ நெருங்கியவரோ இறந்தபின், செய்வதறியாமல் நின்று புலம்புவதைப் பாடும் துறை இது. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. புறநானூற்றில் இந்தத் துறைப் பாடல்கள் நிறைய.

கபிலரின் நண்பன் பாரி. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அவனுடைய பறம்பு மலை என்பார்கள். மூவேந்தர்கள் முற்றுகையிட்டு அவனைக் கொன்றபின், அனாதையாக நின்ற மகள்களைக் கூட்டிக்கொண்டு கபிலர் கிளம்புகிறார். அந்த மகள்கள் பாடியதாக ஐந்தே வரியில் ஒரு பாட்டு, புறநானூறு 112. போன மாசம் இதே நிலா வெளிச்சத்தில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. பாட்டில் சொல்லப்படுவது அவ்வளவுதான். இதில் பேயும் இல்லை, கும்மிருட்டும் இல்லை. இருப்பது நிலா. அது மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறதே என்பதுதான் வலி.

அந்தப் பெண்களை ஒப்படைத்துவிட்டு, கபிலர் பெண்ணை ஆற்றங்கரையில் வடக்கிருந்து உயிர்விட்டார் என்கிறது மரபு. வடக்கிருத்தல் என்பது உண்ணாமல் இருந்து உயிர்துறக்கும் அக்கால வழக்கம். ஆனால் திருக்கோவிலூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் உள்ள, முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வேறு மாதிரி சொல்கிறது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு கபிலர் தீயில் புகுந்தார் என்கிறது. எது சரி என்ற விவாதம் இருக்கட்டும். சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஒரு கவிஞனின் துக்கம் கோயில் சுவரில் ஏறியிருக்கிறது!

செத்தவர் மேலேயே கோபம் வருமா?

வரும். புறநானூறு 236-ல் கபிலர் பாரியிடம் கிட்டத்தட்ட சண்டையே போடுகிறார். நானும் வருகிறேன் என்றேன், என்னை இருக்கச் சொல்லிவிட்டு நீ மட்டும் போய்விட்டாய், இதுதான் நட்பா என்பது அந்தப் பாட்டின் தொனி. அடுத்த பிறவியிலும் உன்னோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றும் அதே பாட்டில் கேட்கிறார்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த எழவு வீட்டிலும் ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இது புதுசாக இருக்காது. பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து பாடும்போது இறந்தவரைப் புகழ்வார்கள், அடுத்த மூச்சிலேயே திட்டுவார்கள். புகுந்த வீட்டுக் குறை, சொத்துத் தகராறு, யாரிடமும் சொல்லாத கதை எல்லாம் அந்தப் பாட்டில் வெளியே வரும். இப்போது பல ஊர்களில் மைக் செட் வைத்து, காசு கொடுத்துப் பாட ஆள் வைக்கிறார்கள். பாட்டு கேட்கிறது, அந்தக் குறைகளைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டு 1917-ல் எழுதிய கட்டுரையில் துக்கத்தையும் மெலன்கோலியாவையும் பிரித்துக் காட்டினார். துக்கத்தில் எதை இழந்தோம் என்று தெரியும், மெல்ல மெல்ல மனசு உலகத்துக்குத் திரும்பும். மெலன்கோலியாவில் மனுஷன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் மாட்டிக்கொள்வான். உற்றுக் கேட்டால், அந்தத் திட்டு உண்மையில் போனவர் மேல் உள்ள கோபம் என்றார் ஃபிராய்டு. போவின் ஆள் அப்படி மாட்டிக்கொண்டவன். ஒப்பாரி அந்தக் கோபத்தைச் சபையிலேயே சொல்ல விடுகிறது. (இழப்புக்குப் பிறகு தூக்கம், சாப்பாடு இல்லாமல் நாட்கள் நீண்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.)

திண்டிவனத்துக்கும் பாரிக்கும் என்ன தொடர்பு?

திண்டிவனத்தில் இன்று கிடங்கில் எனப்படும் பகுதி, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி உள்ளிட்ட ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லி, அவர்கள் சுமந்த ஈகைப் பாரத்தை இப்போது இவன் ஒருவனே சுமக்கிறான் என்கிறது அந்த நூல். புகழ்ச்சிப் பாட்டுதான். ஆனால் அந்த ஏழு பேரும் அதில் கடந்த காலத்தில்தான் வருகிறார்கள்.

புறநானூறு 256 இன்னும் ஒருபடி மேலே. எழுதியவர் பெயர் தெரியாது. கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனிடம் பேசுகிறாள். தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் இடம் வேண்டும் என்கிறாள். வண்டி ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லி மாதிரி அவனோடு ஊர் ஊராக வந்தவளாம் அவள்.

முதுமக்கள் தாழியை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது அதன் வாய் எவ்வளவு அகலம் என்று கவனித்துப் பாருங்கள்.