தாராவிப் பிள்ளைகளின் உடுப்பு

பம்பாய்த் தமிழர்களுக்கு உடை என்பது நெடுங்காலம் கண்ணில் படாமல் இருப்பதற்கான வழி. 1966-இல் தொடங்கிய சிவசேனையின் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். அவர்களைக் கேலி செய்ய அது பிடித்துக்கொண்ட அடையாளம் லுங்கி. ஆபீசுக்குப் பேண்ட் சட்டை, வீட்டுக்கும் கோயிலுக்கும் வேட்டி என்று மாட்டுங்கா, செம்பூர்க் குமாஸ்தாக்கள் பிரித்துக்கொண்டு பிழைத்தார்கள். தாராவிக்காரர்களுக்குச் சுமை இன்னும் அதிகம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்கள் பல. வேலை கேட்டுப் போகும் இடத்தில் பேட்டையின் பெயரையே விழுங்க வேண்டியிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று போட்டுத் திரியும் தொளதொள டீசர்ட்டும் குல்லாயும் வெறும் மோஸ்தர் அல்ல. மறைத்த முகவரியை வெளியே காட்டும் துணிச்சல் அதில் இருக்கிறது என்பதே என் வாதம்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970-களில் பிறந்த ஹிப்ஹாப், தாராவிக்குப் பாட்டாக மட்டும் வரவில்லை. தலையைத் தரையில் ஊன்றிச் சுழலும் பி-பாய் ஆட்டத்துக்கு முழங்காலைப் பிடிக்காத பேண்ட் வேண்டும், தட்டையடி ஷூ வேண்டும், மண்டை தேயாமல் இருக்கக் குல்லாயும் வேண்டும். ஆக, உடுப்பில் பாதி வேலைக்காகத்தான். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அந்தேரிப் பாடகர் டிவைனைப் பார்க்கலாம். தன் பகுதியின் அஞ்சல் குறியீட்டுக் கடைசி எண்ணான 59-ஐப் பட்டம் போலச் சூட்டிக்கொண்டவர் அவர். குர்லாவின் நேஸிக்கு 70. இருவரும் 2015-இல் வெளியிட்ட ‘மேரே கல்லி மே’ சந்துகளையே பெருமையாக்கியது. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் இந்தி, மராத்தியோடு தமிழிலும் ராப் பாடுகிறார்கள். தாராவியில் நடக்கும் கதையான பா. ரஞ்சித்தின் ‘காலா’ 2018-இல் வந்தபோது படத்தில் பாடியதோடு திரையிலும் தோன்றினார்கள். அந்தப் படத்தில் ரஜினி கட்டியது கறுப்பு லுங்கி. கேலி செய்யப்பட்ட அதே உடை, அதே ஊரில் நாயகனின் உடையாகிவிட்டது.

இதெல்லாம் அமெரிக்கக் காப்பி என்று சொல்வோர் உண்டு. காப்பிதான், யார் இல்லை என்றது? ஆனால் தெரு மோஸ்தருக்குப் பேர்போன ஜப்பானும் அப்படித்தான் தொடங்கியது. 1964-இல் டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பாணியில் உடுத்தித் திரிந்த இளைஞர்களை, ஒலிம்பிக்குக்கு முன்பு போலீஸ் வளைத்துப் பிடித்தது. 1993-இல் ஹராஜுகுவில் நிகோ என்ற இளைஞர் ஹிப்ஹாப் பாணியில் ‘எ பேதிங் ஏப்’ என்ற பிராண்டைத் தொடங்கினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க ராப் பாடகர்களே அதைத் தேடி வாங்கி உடுத்தினார்கள். ஹராஜுகுவுக்கு ஒரு வசதி இருந்தது. 1977 முதல் 1998 வரை ஞாயிறுகளில் அங்கே சாலையை வண்டிகளுக்கு மூடி, இளைஞர்கள் கூடிக் காட்சி தர விட்டார்கள். மும்பையில் யார் சாலையை மூடித் தருவார்கள்? நேஸி 2014-இல் தன் முதல் வீடியோவை ஐபேடில் எடுத்தார். இங்கே தெருவுக்குப் பதில் திரைதான் மேடை.

வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாதவனுக்கு விலையுயர்ந்த ஷூ எதற்கு என்பது அடுத்த கேள்வி. கேட்பவரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் நெல்லை, குமரி வழி வந்தவர்கள் தோள்சீலைப் போராட்டத்தை எப்படி மறப்பது? மேலாடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-இல்தான் அரசு இறங்கிவந்தது. 1927-இல் மஹாடில் அம்பேத்கர், இழிவின் அடையாளமான கனத்த நகைகளைக் கழற்றிவிட்டு, மேல்சாதிப் பெண்களைப் போலவே சேலை கட்டுங்கள் என்று தலித் பெண்களிடம் சொன்னார். வயிறு நிறைந்த பிறகே மானம் என்று அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. ஷூவுக்காகக் கடன் வாங்குவது புத்திசாலித்தனமா என்றால், இல்லை. அதற்காக ஆசையையே குற்றமாக்க முடியாது.

எனக்குப் பதில் கிடைக்காத ஆட்சேபம் வேறு. தாராவி ராப் பாடகனின் கதையான ‘கல்லி பாய்’ படம் 2019-இல் ஓடியதற்குப் பிறகு சந்து ஒரு விற்பனைச் சரக்காகிவிட்டது. அந்த விற்பனையில் சந்துக்காரர்களுக்கு என்ன பங்கு? இத்தனைக்கும் துணி தைப்பதே தாராவியின் தொழில்களில் ஒன்று. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மாடியில் பட்டறை. கட்டிங் மாஸ்டர் அடுக்கிய துணியை வெட்டித் தள்ள, ஓவர்லாக் மெஷின்கள் இரைய, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் உத்தரப் பிரதேச, பிகார்ப் பையன்கள் இரவில் அதே தரையில் படுக்கிறார்கள். லேபிள் வேறு யாருடையதோ. 2015-இல் மகாராஷ்டிராவில் வந்த மாட்டிறைச்சித் தடையால் தோல் தொழிலாளர்கள் நொடிந்தபோது, ஓவியர் சுதீர் ராஜ்பர் அவர்களோடு சேர்ந்து பழைய ரப்பரில் பை செய்து, ‘சமார் ஸ்டூடியோ’ என்று சாதிப் பெயரையே லேபிளாக்கினார். அப்படிப்பட்ட முயற்சிகள் இன்னும் நிறைய வேண்டும். அதற்குப் பட்டறைகள் அங்கேயே இருந்தாக வேண்டும். அதானி குழுமம் 2022-இல் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் வாடகைக்கோ தவணைக்கோதான்.