டிராக்டர் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள்

உழவின் நடுவே வெப்பமானி முள் சிவப்புக் குறிக்கு ஏறுகிறதா? உடனே வண்டியை நிறுத்தவும். அப்படியே ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வெடித்துப் பெருஞ்செலவு வைக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

ஆறிய பிறகு தண்ணீர் அளவு, விசிறி பெல்ட், ரேடியேட்டரில் அடைந்த தூசு ஆகியவற்றைப் பார்க்கவும். இவை சரியாக இருந்து, என்ஜின் கொதித்தும் ரேடியேட்டர் அதிகம் சுடவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

அதைக் கழற்றி, பாத்திரத்தின் அடியில் படாதபடி கம்பியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றவும். பெரும்பாலானவை 80 டிகிரி சென்டிகிரேடை ஒட்டித் திறக்கத் தொடங்கும். அளவு அதன் மீதே பொறித்திருக்கும். தண்ணீர் கொதித்தும் வால்வு திறக்காவிட்டாலும், குளிர்ந்த நீரிலேயே திறந்திருந்தாலும் அது பழுதுதான்.

'நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?' என்று கழற்றிவிட்டு ஓட்டுவோர் உண்டு. இது தவறு. என்ஜின் போதிய சூடு அடையாமல் ஓடினால் டீசல் கூடுதலாகும். லைனரும் விரைவில் தேயும். அதே அளவுள்ள புதிய தெர்மோஸ்டாட்டை, புதிய கேஸ்கெட்டுடன் பொருத்துவதே சிக்கனம்.