பாலும் உயிர்ப்படலமும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் அமைந்துள்ள அரசுக் கால்நடைப் பண்ணை, 1824-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியாரால் குதிரை வளர்ப்பு நிலையமாகத் தொடங்கப் பெற்றது. தொழிற்சாலைகள் பெருகிய பின்னரும் இவ்வட்டாரத்தில் கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கழுவிக் கவிழ்த்த கேனில் ஊற்றிய பாலும் சில வேளை கெட்டுவிடுகிறது. பழியோ கறந்தவர் மீது விழுகிறது. கேனின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் படிந்த உயிர்ப்படலம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நுண்ணுயிரிகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையைப் போர்த்திக் கூட்டமாக வாழும் நிலையே உயிர்ப்படலம் எனப்படும். இப்போர்வைக்குள் கிருமிநாசினியின் ஆற்றல் வெகுவாகக் குன்றிவிடுகிறது. தனித்து நீந்துவதா, கூடிக் குடியேறுவதா என்பதை நுண்ணுயிரியின் இனத்தோடு, அது வளரும் ஊடகத்தின் வேதியியலும் முடிவு செய்கிறது.

பாலில் காணப்படும் பேசில்லஸ் இனத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தின் வழக்கமான சத்துக்குழம்பில் பேசில்லஸ் சப்டிலிஸ் வலுவற்ற படலத்தையே உண்டாக்கும். அதே குழம்பில் கிளிசராலும் மாங்கனீசும் சேர்த்தால், சுருக்கம் விழுந்த தடித்த படலம் தோன்றுகிறது. பால் சர்க்கரையாகிய லாக்டோசும் படலத்தைத் தூண்டுகிறது. மக்னீசியம் மிகுந்தாலோ அது தடைபடுகிறது. மடிநோய்க்குக் காரணமாகும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ், குளுக்கோஸ் கலந்த ஊடகத்தில் நன்கு படலமிடும், ஈ.கோலையில் அதே குளுக்கோஸ் படலத்தைக் குறைப்பதுண்டு.

இரும்பின் கதை இன்னும் வியப்புக்குரியது. பாலிலும் கண்ணீரிலும் உள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதம் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இரும்பு கிட்டாத சூடோமோனாஸ், ஓரிடத்தில் நிலைகொள்ளாது அலைகிறது. படலம் உருவாவதில்லை என்று 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். படலத்தைத் தூண்டும் பொருளும் தடுக்கும் பொருளும் ஒரே பாலில் அமைந்திருக்கின்றன!

இதிலிருந்து பெறும் படிப்பினைகள் இரண்டு. சத்துக்குழம்பில் வெற்றி கண்ட கிருமிநாசினி, பால் படிந்த உலோகத்திலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. பாலிலேயே சோதித்தறிதல் வேண்டும். அடுத்து, கேனில் தங்கும் எச்சமே கிருமிகளுக்கு ஊடகம். ஆகவே, வெதுவெதுப்பான நீரால் அலசி, காரக் கரைசலால் கொழுப்பையும் புரதத்தையும் அகற்றி, அவ்வப்போது அமிலக் கரைசலால் சுண்ணாம்புப் படிவைக் கரைத்த பின்னரே கிருமிநாசினியை இடுதல் முறை. எச்சம் நீங்காத கேனில் அதன் அளவைக் கூட்டுவதால் மட்டும் பயன் விளையாது. அந்த எச்சத்தைக் காணாமல், கறந்தவரைக் குறை கூறுவதும் நியாயமாகாது.