ஒன்பது நாளில் மூன்று நகரங்கள்: அரையாண்டு விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் டிசம்பர் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், தாஜ்மஹாலின் கிழக்கு வாசலில் எங்கள் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. வாசல் மூடியிருந்தது. "வெள்ளிக்கிழமை விடுமுறை, நாளை வாருங்கள்" என்றார் காவலர். மறுநாள் அதிகாலையிலேயே நாங்கள் ஆக்ராவை விட்டுக் கிளம்ப வேண்டும், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"தாஜ்மஹால் வளாகத்தில் பள்ளிவாசல் இருக்கிறதே, ஜும்ஆவுக்காவது உள்ளே விடமாட்டார்களா?" என்று உம்மா கேட்டார்கள். நாங்களும் அதைத்தான் நம்பி வந்திருந்தோம். விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்காகக் கொஞ்ச நேரம் திறப்பார்கள். ஆனால் ஆக்ராவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. வெளியூர் முஸ்லிம்கள் உள்ளே சென்று தொழ முடியாது. இந்தக் கட்டுப்பாட்டை 2018இல் உச்ச நீதிமன்றமும் மாற்ற மறுத்துவிட்டது. கடைசியில் யமுனையின் மறுகரையில் உள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்திற்குப் போய், பனிமூட்டத்துக்கு நடுவே மங்கலாகத் தெரிந்த தாஜ்மஹாலை உம்மா பார்த்தார்கள். அவ்வளவுதான்.

தவறு முழுக்க எங்களுடையது. ஏழு நாட்களில் டெல்லி, ஜெய்ப்பூர், அஜ்மீர், ஆக்ரா, ஹைதராபாத் என்று ஐந்து ஊர்களை அடுக்கியிருந்தோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த காக்காவுக்கு, "இத்தனை தூரம் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்ற ஆசை. ஊர்களின் பெயர்களை எழுதினோமே தவிர, எந்த ஊருக்கு எந்தக் கிழமையில் போகிறோம் என்று எழுதிப் பார்க்கவில்லை.

இதோ அரையாண்டு விடுமுறை வருகிறது. பல வீடுகளில் இதே பேச்சு நடக்கும். எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள்

பெரியவர்கள், பிள்ளைகள் என ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறினால், ரயில் நேரம் மூன்று மணி என்றாலும் அரை நாள் போய்விடும். பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ரயில் நிலையத்தில் காத்திருக்க வேண்டும், போய்ச் சேர்ந்த ஊரில் ஆட்டோ பிடித்து அறை எடுத்துக் குளித்துச் சாப்பிட வேண்டும். நாங்கள் போன ஏழு நாள் பயணத்தில் போகவும் வரவும் இரண்டு நாட்கள், நான்கு முறை ஊர் மாறியதில் இரண்டு நாட்கள் போயின. ஐந்து ஊர்களைப் பார்க்க மிச்சமிருந்தது மூன்றே நாட்கள்.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவுகள். வழியில் வரும் சிறிய ஊராக இருந்தால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஓர் இரவு. ஒன்பது நாட்களுக்கு மூன்று ஊர்கள் போதும்.

ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்களைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர். இந்தப் பாதை விஜயவாடா, நாக்பூர், போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா வழியாகச் செல்கிறது. அதாவது போபால், ஆக்ரா, டெல்லி மூன்றும் ஒரே பாதையில் வரிசையாக இருக்கின்றன. போபாலிலிருந்து ஆக்ரா சுமார் 500 கிலோமீட்டர், ஆக்ராவிலிருந்து டெல்லி சுமார் 200 கிலோமீட்டர். வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

டெல்லியும் ஆக்ராவும் எல்லோருக்கும் தெரியும். போபால் ஏன் என்று கேட்கலாம். நம் பெண் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய ஊர் அது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1926 வரை குத்ஸியா பேகம், சிக்கந்தர் பேகம், ஷாஜஹான் பேகம், சுல்தான் ஜஹான் பேகம் என நான்கு முஸ்லிம் பெண்கள் அந்த சமஸ்தானத்தை ஆண்டிருக்கிறார்கள். சிக்கந்தர் பேகம் 1863-64இல் ஹஜ்ஜுக்குச் சென்று, அந்தப் பயணத்தை எழுதியும் வைத்தார். சுல்தான் ஜஹான் பேகம் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர். இந்தியாவின் மிகப்பெரிய பள்ளிவாசல்களில் ஒன்றான தாஜுல் மஸாஜித்தைக் கட்டத் தொடங்கியவர் ஷாஜஹான் பேகம். பணம் இல்லாமல் பல காலம் நின்றுபோன அந்த வேலை 1985இல்தான் நிறைவடைந்தது.

ரயிலில் போய் விமானத்தில் திரும்புங்கள்

டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களில் வட இந்தியாவில் கடும் பனிமூட்டம் இருக்கும். டெல்லிப் பக்கமிருந்து வரும் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். சென்னையிலிருந்து புறப்படும் ரயிலுக்கு, போபால் வரை இந்தத் தொல்லை குறைவு. எனவே போகும்போது ரயில், திரும்பும்போது டெல்லியிலிருந்து விமானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. உள்நாட்டு விமானங்களில் ஒருவழி டிக்கெட் தனியாகவே கிடைக்கும். போக வரச் சேர்த்து எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதிகாலை விமானம் மலிவாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். பனியால் அதிகம் பாதிக்கப்படுவது அவைதான். பகல் 12 மணிக்கு மேல் புறப்படும் விமானமே பாதுகாப்பு.

கிழமை வாரியாக ஒரு திட்டம்

வெள்ளி: ஜும்ஆ முடித்து, இரவு சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். தென் மாவட்டத்தினர் வியாழன் இரவே ஊரிலிருந்து கிளம்பினால் சென்னையில் ஜும்ஆ தொழுதுகொள்ளலாம்.

சனி: முழுப் பகலும் ரயில். இரவு போபால்.

ஞாயிறு: தாஜுல் மஸாஜித், பெரிய ஏரி, பழைய நகரம், பழங்குடியினர் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதனால் ஞாயிறே பார்த்துவிடுங்கள்.

திங்கள்: பீம்பேட்கா. சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், ஆதிமனிதர்களின் ஓவியங்கள் உள்ள பாறைக் குகைகள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2003இல் சேர்ந்த இடம். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் நேரில் வந்தது போல இருக்கும்.

செவ்வாய்: ராணி கமலாபதி நிலையத்திலிருந்து அதிகாலை வந்தே பாரத் ரயில். ஆறு மணி நேரத்துக்குள் ஆக்ரா. பனியால் கொஞ்சம் தாமதமாகலாம். மாலை ஆக்ரா கோட்டையும், ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் கட்டிய ஜாமிஆ மஸ்ஜிதும். இந்த ரயில் சனிக்கிழமைகளில் ஓடாது.

புதன்: தாஜ்மஹால். சூரிய உதயத்தில் பார்க்க வேண்டும் என்பார்கள். டிசம்பரில் அந்த நேரத்தில் பனியைத்தான் பார்ப்பீர்கள். பத்து மணிக்கு மேல் போங்கள். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு ரூ.50, கல்லறை உள்ள கட்டடத்துக்குள் செல்ல கூடுதலாக ரூ.200, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். டிக்கெட் மூன்று மணி நேரம் செல்லும். உணவுப் பொட்டலங்களையும் பெரிய பைகளையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். மாலை கதிமான் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் டெல்லி. அதற்கு வெள்ளிக்கிழமை ஓய்வு. பனிக்காலத்தில் இரவிலோ அதிகாலையிலோ யமுனா விரைவுச் சாலையில் காரில் போக வேண்டாம்.

வியாழன்: ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை, வியாழன் திறந்திருக்கும். மூன்றையும் ஒரே நாளில் அடைக்காமல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளி: ஷாஜஹான் 1656இல் கட்டி முடித்த டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில் ஜும்ஆ. அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது. இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

சனி: மதிய விமானத்தில் சென்னை. ஞாயிறு ஓய்வு. விமானம் தாமதமானாலும் திங்கள் பள்ளிக்கூடம் தவறாது.

உங்கள் விடுமுறை வேறு கிழமையில் தொடங்கலாம். அப்போதும் தாஜ்மஹாலை வெள்ளியில் வைக்காதீர்கள், செங்கோட்டையைத் திங்களில் வைக்காதீர்கள், கடைசி நாளை ஓய்வுக்கென்று காலியாக விடுங்கள். மற்றதை முன்பின் மாற்றிக்கொள்ளலாம்.

தொழுகையும் திட்டத்தில் சேர வேண்டும்

டிசம்பர் கடைசியில் டெல்லியில் சூரியன் ஏறக்குறைய 7.10க்கு உதித்து 5.30க்கெல்லாம் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் சுற்றிப் பார்க்கும் நேரத்துக்குள்ளேயே நெருக்கமாக வரும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் தவறிவிடும்.

மார்க்கம் பயணிக்குச் சலுகை தந்திருக்கிறது. லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கி கஸராகத் தொழலாம். சென்று சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் நான்கு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை 15 நாட்கள். மேலே சொன்ன திட்டத்தில் எந்த ஊரிலும் அவ்வளவு நாள் தங்குவதில்லை. லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்து ஜம்உ செய்ய ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபிகள் அந்தந்த நேரத்திலேயே தொழ வேண்டும். உள்ளூர் இமாமுக்குப் பின்னால் ஜமாஅத்தில் நின்றால் பயணியும் நான்கு ரக்அத் முழுமையாகத் தொழ வேண்டும். புறப்படும் முன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

ரயிலில் உளூவுக்குச் சிறிய குவளையும், மடித்து வைக்கும் முஸல்லாவும் கைப்பையிலேயே இருக்கட்டும். கிப்லா மேற்குத் திசையில். ஆனால் பாதை வளைந்து வளைந்து போகும் என்பதால் ஒவ்வொரு தொழுகைக்கும் கைப்பேசியில் திசை பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவு

ரயிலில் அசைவத்தைத் தவிர்த்து, வீட்டிலிருந்து சப்பாத்தி, புளிச்சோறு, பொடி தடவிய இட்லி கொண்டுபோவதே நிம்மதி. போபால், ஆக்ரா, டெல்லி மூன்றிலும் பழைய நகரப் பகுதியில் ஹலால் உணவகங்கள் தாராளமாக உண்டு. டெல்லியில் ஜாமிஆ மஸ்ஜித் எதிரே உள்ள மடியா மஹல் தெருவுக்குப் போனால் போதும். பிள்ளைகளுக்கு அங்குள்ள காரமும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முதல் நாள் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும்; 2024 நவம்பர் முதல் இந்த விதி. டிசம்பர் கடைசிப் பயணத்துக்கு அக்டோபர் கடைசியிலேயே தயாராக இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020இல் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, பெரியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் உட்பட அனைவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். கனமான ஸ்வெட்டர், காலுறை, குல்லா கட்டாயம்.

மறு வருடம் நாங்கள் உம்மாவை மீண்டும் அழைத்துச் சென்றோம். அதற்குள் அவர்களுக்கு முழங்கால் வலி கூடியிருந்தது. இருந்தும் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, பனி விலகிய வெயிலில் தாஜ்மஹாலுக்கு எதிரே இருந்த பளிங்கு இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அன்று எங்களுக்கு வேறு எங்கும் ஓட வேண்டிய அவசரம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பயணம் போக முடிவெடுத்ததும் முதலில் ஒரு தாளில் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். ஊர்களை அதற்குப் பிறகு எழுதலாம். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, நலமாகத் திரும்பச் செய்வானாக, ஆமீன்.