வீட்டுக் கூடத்தில் ஒரு கச்சேரி!

1826-ம் ஆண்டு, டிசம்பர் 15-ந் தேதி. ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில் குளிர் கடுமையாக இருந்தது. ஆனால் ஜோசப் வான் ஷ்பவுன் என்பவரின் வீட்டில் பெருங்கூட்டம்!

கல்யாணமா? இல்லை. பாட்டுக் கேட்க வந்த கூட்டம் அது.

பியானோவின் முன் குள்ளமான வாலிபர் ஒருவர், மூக்குக்கண்ணாடியுடன் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பிரான்ஸ் ஷூபர்ட். அப்போது அவருக்கு வயது 29. அவர் இசை அமைத்த பாட்டுகளை, போகல் என்ற புகழ் பெற்ற பாடகர் பாடினார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரே இரவில் ஏறக்குறைய 30 பாட்டுகள்! பாட்டு முடிந்ததும் விருந்து. விருந்து முடிந்ததும் நடனம். அங்கே வந்திருந்த ஹார்ட்மன் என்ற இளைஞர் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

டிக்கெட் கிடையாது. மேடையும் கிடையாது. இப்படிப்பட்ட மாலைகளுக்கு நண்பர்கள் வைத்த பெயர், "ஷூபர்ட்டியாட்".

ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கூடத்தின் சூழ்நிலையை இன்றைய கச்சேரியில் திரும்பக் கொண்டு வர முடியுமா? ஐரோப்பாவில் பல கலைஞர்கள் இதற்கு முயன்று வருகிறார்கள்.

போலீசாருக்குப் பயம்

அன்று இசை வீட்டுக்குள் ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு.

அப்போது ஆஸ்திரியாவில் அதிகாரம் செலுத்தியவர் மெட்டர்னிக். நாலு பேர் கூடிப் பேசினால் போலீசார் சந்தேகப்படுவார்கள். புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் தணிக்கை. 1820-ல் ஷூபர்ட்டின் நண்பர் சென் என்ற கவிஞர் வீட்டில் போலீசார் புகுந்தார்கள். ஷூபர்ட்டையும் பிடித்தார்கள். அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். நண்பருக்கோ ஓராண்டுக்கு மேல் சிறை! பிறகு அவரை வியன்னாவை விட்டே வெளியேற்றினார்கள்.

ஆகவே, நம்பிக்கையான நண்பர்கள் கூடும் வீடுதான் பாட்டுக்கும் பேச்சுக்கும் பத்திரமான இடமாக இருந்தது.

ஷூபர்ட் 600-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு இசை அமைத்தார். ஆனால் தம் இசைக்கென்றே அவர் நடத்திய பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்றுதான். அது நடந்தது 1828 மார்ச் 26-ந் தேதி. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்து போனார். வயது 31.

பழைய பியானோ

இன்று அந்த மாலையைத் திரும்ப அமைப்பவர்கள் முதலில் தேடுவது பழைய பியானோவை.

இன்றைய பெரிய பியானோவுக்குள் கனத்த இரும்புச் சட்டம் இருக்கிறது. கம்பிகள் இழுக்கும் இழுப்பு சுமார் 20 டன்! ஆயிரம் பேர் கூடும் மண்டபம் அதிர வேண்டும் அல்லவா? ஷூபர்ட் காலத்துப் பியானோவின் சட்டமோ மரத்தால் ஆனது. கம்பியைத் தட்டும் சுத்தியலுக்குத் தோல் உறை. ஒலி மென்மையாக எழும், சீக்கிரம் அடங்கும். அதனுடன் பாடுகிறவர் கத்த வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பாடலாம்.

அடுத்தது இடம். ஹெர்மன் பிரை என்ற பாடகர் 1976-ல் ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியில் உள்ள ஹோகனெம்ஸ் என்ற சிற்றூரில் "ஷூபர்ட்டியாட்" விழாவைத் தொடங்கினார். இன்று அது ஹோகனெம்சிலும் ஷ்வார்சன்பர்க் என்ற மலைக் கிராமத்திலும் நடக்கிறது. அந்தக் கிராமத்து மர மண்டபத்தில் சுமார் 600 பேர்தான் உட்காரலாம். வேறு சில கச்சேரிகளில் பியானோவைச் சுற்றி நாற்காலி போடுகிறார்கள். பாட்டுக்கு நடுவே பழைய கடிதங்களைப் படிக்கிறார்கள்.

ஷூபர்ட்டின் நண்பரான ஓவியர் ஷ்விண்ட், 1868-ல் அந்தக் கூடத்தை நினைவிலிருந்து வரைந்தார். ஷூபர்ட் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு வரைந்த படம்! அதில் எல்லாரும் நெருக்கியடித்துக் கொண்டு இருக்கிறார்கள். இன்றும் பலருக்கு இந்தப் படமே வழிகாட்டி.

நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை!

சரி, மெழுகுவர்த்தியும் பழைய உடையும் இருந்தால் போதுமா? போதாது. இதைக் கேளுங்கள்.

1827-ல் ஒருநாள் ஷூபர்ட் நண்பர்களை அழைத்தார். "குளிர்காலப் பயணம்" என்ற தம் புதிய பாட்டுகளைத் தாமே பாடிக் காட்டினார். காதலில் தோற்ற ஒருவன் பனியில் தனியே நடந்து போகும் கதை அது. கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். அவ்வளவு துயரம்! ஷோபர் என்ற நண்பர், ஒரே ஒரு பாட்டுதான் தமக்குப் பிடித்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஷூபர்ட் கோபப்படவில்லை. தமக்கு மற்ற எல்லாப் பாட்டுகளையும்விட இவைதான் பிடிக்கின்றன என்றும், அவர்களுக்கும் ஒருநாள் பிடிக்கும் என்றும் பதில் சொன்னார்.

அவர் சொன்னது பலித்தது. அந்த 24 பாட்டுகளும் இன்று உலகெங்கும் பாடப்படுகின்றன. ஆனால் சாகும் தறுவாயில், படுக்கையில் கிடந்தபடி அவற்றின் அச்சுப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த ஷூபர்ட் அதைப் பார்க்கவில்லை.

புதுப் பாட்டைத் துணிந்து பாட ஒருவர். மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்லச் சில நண்பர்கள். அந்தக் கூடத்தின் உயிர் இதுதான். பாடுகிறவர் முகம் கேட்கிறவருக்கும், கேட்கிறவர் முகம் பாடுகிறவருக்கும் தெரிகிற தூரத்தில் கச்சேரி நடந்தால், அந்த உயிர் கொஞ்சமாவது திரும்பி வரும். மெழுகுவர்த்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை!