குளிர்நீரும் கைவிரல்களும்

ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே இருக்கும் பவேரியாவில் மார்ச் மாதம் வசந்தம் பிறக்கிறது. டிசம்பரில் பகல் எட்டரை மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிடும் பகுதி அது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு, வெயில் வந்த பிறகும் உடம்பு சட்டென்று தேறுவதில்லை. தலை பாரமாக இருக்கிறது, கைகால் அசந்துபோகிறது, பகலிலேயே தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. வசந்தச் சோர்வு என்றே அங்கு அதைச் சொல்கிறார்கள். ஹேசல், ஆல்டர், பிர்ச் மரங்களின் மகரந்தமும் இதே சமயத்தில் காற்றில் பரவுகிறது. இந்தப் பருவத்தைக் கடக்கக் குளிர்ந்த நீர், நடை, காட்டுக்கீரை, பிடித்துவிடும் கை ஆகியவற்றை நாடுவது அந்த வட்டாரத்தின் பழக்கம். அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவர் செபாஸ்டியன் க்னைப் என்ற கத்தோலிக்கப் பாதிரியார்.

க்னைப் 1821இல் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். குருமாணவராகப் படிக்கும்போது நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. குளிர்நீர் வைத்தியம் பற்றி யோஹான் ஹான் என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய சிறு நூல் தற்செயலாக அவர் கையில் கிடைத்தது. 1849இன் குளிர்காலத்தில் டில்லிங்கன் நகரில் டான்யூப் ஆற்றுக்கு ஓடிப்போய், சில விநாடிகள் முங்கி எழுந்து, மறுபடி ஓடியே திரும்பினார். உடம்பு தேறியது. நீரால்தான் தேறியதா என்பதை ஒரே ஒருவரின் கதையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. ஆனால் அவர் அப்படித்தான் நம்பினார். 1855இல் வோரிஸ்ஹோஃபன் ஊரின் கன்னியர் மடத்துக்கு வந்து, பிணியாளிகளுக்கு நீர் வைத்தியம் செய்யத் தொடங்கினார். 1886இல் வெளிவந்த அவருடைய நீர் வைத்திய நூல் பல மொழிகளுக்குப் போனது. தொடக்கத்தில் முரட்டுத்தனமாக இருந்த முறைகளை அனுபவம் கூடக்கூட அவரே மென்மையாக்கிக்கொண்டார். இன்று அவருடைய முறை நீர், மூலிகை, உடலசைவு, உணவு, வாழ்வின் சமநிலை என்ற ஐந்து தூண்களாகச் சொல்லப்படுகிறது. 2015இல் ஜெர்மனியின் யுனெஸ்கோ ஆணையம் இதை அந்நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றில் மிக எளியது நீரில் நடப்பது. பவேரியாவின் பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் இதற்கென்றே தொட்டிகள் கட்டி, பிடித்து நடக்க நடுவில் கம்பியும் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை நிற்கும். அதன் வெப்பம் 18 டிகிரிக்கும் குறைவு. நடப்பவர் கொக்கைப்போல ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலை நீரிலிருந்து முழுவதுமாகத் தூக்கி, மறுபடி வைக்க வேண்டும். பழக்கமில்லாதவருக்குச் சில விநாடிகளே போதும். பழகியவர் அரை நிமிடம், ஒரு நிமிடம் நடப்பார். கெண்டைக்காலில் சுரீரென்று வெட்டுவதுபோல் வலித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். துண்டால் துவட்டக் கூடாது. நீரைக் கையால் வழித்துவிட்டு, கம்பளிக் காலுறை மாட்டி, பாதம் கதகதப்பாகும்வரை நடக்க வேண்டும். மதியச் சோர்வுக்கு இதன் சுருக்கமான வடிவம் ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் மேற்கையின் பாதிவரை குளிர்ந்த நீரில் அரை நிமிடம் வைத்து எடுப்பதுதான் அது. ஜெர்மானியர்கள் அதைக் க்னைப்பின் காப்பி என்கிறார்கள்.

இந்த முறை முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்று இருக்கிறது: சில்லிட்ட உடம்பில் சில்லென்ற நீர் படக் கூடாது. முதலில் உடம்பு சூடாக இருக்க வேண்டும், பிறகுதான் குளிர். அதுவும் கொஞ்ச நேரம்தான். பனிக்கட்டித் தொட்டியில் எத்தனை நிமிடம் தாங்குகிறோம் என்று போட்டி போடும் இன்றைய மோகத்துக்கும் க்னைப் சொன்னதற்கும் தொடர்பில்லை. குளிரைத் தாங்கிக் காட்டுவது அவருடைய நோக்கம் அல்ல, குளிருக்குப் பின் உடம்பு தானாகச் சூடேற வேண்டும் என்பதே.

உடம்புக்குள் நடப்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம். தோலின் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். புதினாவிலுள்ள மென்தால் பட்டாலும் இதே புரதம்தான் திறக்கிறது. 2002இல் இதைத் தனித்தனியாகக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி போனதும் நார்அட்ரினலின் சுரக்கிறது, தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, விழிப்பு கூடுகிறது. நீரிலிருந்து வெளியேறி நடக்கும்போது குழாய்கள் விரிந்து ரத்தம் திரும்பப் பாய்கிறது. பாதத்தில் பரவும் சூடு அதுதான்.

நோய் வராமல் குளிர்நீர் தடுக்குமா என்ற கேள்விக்கு நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உதவுகிறது. அதில் 3,018 பேர் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினர் 30 நாள் வழக்கமான குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடி குளிர்நீரில் நின்றார்கள். உடல்நலக் குறைவு காரணமாக அவர்கள் எடுத்த விடுப்பு மற்றவர்களுடையதைவிட 29 சதவீதம் குறைவாக இருந்தது. நோய்வாய்ப்பட்ட நாட்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அதாவது சளி பிடித்தது, ஆனாலும் வேலைக்குப் போகத் தெம்பு இருந்தது. 30 விநாடி நின்றவருக்கும் 90 விநாடி நின்றவருக்கும் வேறுபாடு இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. குறைந்த அளவே போதும் என்ற க்னைப்பின் கருத்தோடு இது பொருந்துகிறது.

அடுத்தது பிடித்துவிடும் கை. ஐரோப்பிய மசாஜின் அடிப்படை அசைவுகளை 19ஆம் நூற்றாண்டில் வகைப்படுத்தியவர் டச்சு மருத்துவர் மெட்ஸ்கர். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகியவை அவற்றில் அடங்கும். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர் முதல் வெயிலில் மலையேறி வந்தால் மறுநாள் தொடை வலிக்கும். பிடித்துவிட்டால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று பலகாலம் சொல்லி வந்தார்கள். 2012இல் கனடாவில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் மாற்றமே இல்லை. பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் தணிந்திருந்தன. செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்கும் சமிக்ஞை கூடியிருந்தது. பதினொரு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் தசைக்குள்ளேயே பார்த்துச் சொன்ன சான்று என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

மெல்ல வருடுவதற்கும் தனி நரம்புகள் இருக்கின்றன. முன்கை, முதுகு போன்ற ரோமமுள்ள தோலில் இருக்கும் இந்த மெல்லிய இழைகள் விநாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் நன்றாகத் தூண்டப்படுகின்றன. கை தோலின் வெப்பத்திலேயே இருந்தால் தூண்டல் இன்னும் கூடுகிறது. தேர்ந்த மசாஜ்காரர்கள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு நிதானமாகத் தொடங்குவதற்கு இப்படி ஒரு நரம்பியல் காரணமும் இருக்கிறது.

நிணநீர் வடிப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. டென்மார்க்கின் எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930களில் பிரான்சின் கான் நகரில் இதை உருவாக்கினார்கள். தீராத சளியோடு வந்தவர்களின் கழுத்தில் வீங்கியிருந்த நிணநீர்க் கணுக்களே அவர்களை இதில் இறக்கின. தோலை லேசாக இழுத்து விடும் அளவுக்குத்தான் அழுத்தம் இருக்க வேண்டும். புற்றுநோய் அறுவைக்குப் பின் கைகால் வீங்குபவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். வசந்தத்தில் உடலின் நச்சுகளை வெளியேற்றும் சிகிச்சை என்று இதை விற்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பருவம் பாராமல் செய்துகொண்டிருக்கின்றன.

மகரந்த ஒவ்வாமைக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளிய உதவி. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு ஒன்பது கிராம் உப்பு போதும். கொதிக்காத குழாய்நீர் கூடாது. அதிலிருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. படுக்கப்போகும் முன் தலைமுடியை அலசினால் மகரந்தம் தலையணைக்குப் போகாது.

பவேரியர்கள் ஏப்ரலில் பீச் மரக்காடுகளில் காட்டுப்பூண்டுக் கீரை பறித்து சூப் வைக்கிறார்கள். இங்கே மிகுந்த கவனம் தேவை. பள்ளத்தாக்கு லில்லி, இலையுதிர்கால குரோக்கஸ் ஆகியவற்றின் இலைகளும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். முதலாவது இதயத்தைத் தாக்கும், இரண்டாவதிலுள்ள கோல்ச்சிசின் உயிரையே எடுக்கும். இலையைக் கசக்கிப் பூண்டு மணம் பார்ப்பதும் முதல் சில இலைகளுக்குத்தான் உதவும். பிறகு மணம் விரல்களிலேயே ஏறிவிடுவதால் நச்சிலையும் பூண்டாக மணக்கும்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோய், சிறுநீர்த் தொற்று உள்ளவர்களும், நீரிழிவால் பாதம் மரத்தவர்களும் குளிர்நீரை மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது; உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். சோர்வு சில வாரங்களைத் தாண்டியும் நீடித்தால் ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவை இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.