முற்றும் என்று காட்ட ஓர் எண்

ஒரு வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்கிறோம். ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோருக்கு அந்த வழக்கம் இல்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் ஐரோப்பியர் வழியே, அச்சோடு தமிழுக்கு வந்தவை. ஆனால், எழுதிய நூல் முடிந்தது என்று காட்டச் சுவடிகளில் தனிக்குறி ஒன்று இருந்தது. தொடக்கத்தில் இடும் பிள்ளையார் சுழியை நாம் அறிவோம். இந்த முடிவுக்குறியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே, உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு ஒரு நிலையான எண்ணை வழங்குகிறது. 'அ' எழுத்தின் எண் 2949. எத்தியோப்பியர்கள் வாக்கிய முடிவில் இடும் நான்கு புள்ளிக் குறியின் எண் 4962. அந்தக் குறி 1999-இல், அவர்களுடைய எழுத்துகளோடு சேர்ந்தே யூனிகோடில் இடம்பெற்றது. தமிழ் எழுத்துகளோ அதற்கும் முன்பே, 1991-இல் முதல் பதிப்பிலேயே நுழைந்துவிட்டன. ஆனால் நம் முடிவுக்குறி 28 ஆண்டுகள் காத்திருந்தது!

இடையில், 2003-இல் நாள் (௳), மாதம் (௴), வருடம் (௵), பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸), ரூபாய் (௹) ஆகிய குறிகள் எண் பெற்றன. எஞ்சியவற்றைத் தொகுத்து, சான்றுகளுடன் ஸ்ரீரமண சர்மா 2012-இல் முன்மொழிவு அளித்தார். மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்கள், உழக்கு, குறுணி போன்ற அளவைகள், காசு, பணம், வராகன் போன்ற நாணயங்கள், நன்செய், புன்செய் நிலக்குறிகள் எனப் பலவும் ஆராயப்பட்டன. முடிவில் 2019 மார்ச் மாதம் வெளிவந்த 12-ஆம் பதிப்பில் 51 குறிகள் சேர்ந்தன. அவற்றுக்கென 64 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. அதன் கடைசி இடம், 73,727 என்னும் எண், நம் முடிவுக்குறிக்கு உரியது. பொருத்தம்தானே?

எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. எண் என்பது வீட்டு முகவரி மாதிரி. வீடு கட்ட எழுத்துரு வேண்டும். உள்ளே போக விசைப்பலகை வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் குறிக்குப் பதிலாக வெறும் பெட்டிதான் தெரியும்.

இதை நான் நேரில் கண்டேன். கிள்ளானில் மளிகைக்கடை வைத்திருந்த என் தாத்தாவின் கணக்குப் புத்தகம் ஒன்று அத்தையிடம் இருக்கிறது. தாள் பழுத்து, ஓரம் உதிர்கிறது. உறவினர்களுக்குப் படி எடுத்துத் தர அதைத் தட்டச்சு செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் கோப்பைத் திறந்தபோது ௳, ௹ ஒழுங்காக வந்தன. கால், அரைக்கால், மாகாணி நின்ற இடமெல்லாம் பெட்டிகள். யார் எவ்வளவு பாக்கி என்பதே அந்தப் பெட்டிக்குள் மறைந்துவிட்டது. எழுத்துருவைக் கோப்போடு கொடுத்த பிறகே கணக்கு சரியானது.

'படமாக எடுத்து ஒட்டிவிட்டால் போதாதா?' என்று நண்பர்கள் கேட்டனர். படத்தைப் பார்க்கலாம், அதில் உள்ளதைத் தேட முடியாது. எண்ணாகப் பதிந்த குறியை மட்டுமே ஆயிரம் பக்கங்களில் ஒரு நொடியில் தேடலாம், எண்ணலாம், ஒப்பிடலாம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தும் இக்குறிகளில் ஒன்றைக்கூட நான் கற்றதில்லை. தேசிய இடைநிலைப்பள்ளியில் கேட்கவே வேண்டாம். ஆனால், கணினித் தமிழில் மலேசியர் பின்தங்கியவர் அல்லர். முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980-களிலேயே இங்கு உருவானது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அவர்கள் பாதை போட்டார்கள். நடக்க வேண்டியது நாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கணக்கேடு, மொய்ப் புத்தகம், கடிதக்கட்டு இருக்கலாம். கரையான் முந்திக்கொள்வதற்குள் அவற்றை எடுங்கள். 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' என்ற இலவச எழுத்துருவைக் கணினியில் நிறுவுங்கள். தெரியாத குறி வந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். குறிக்கு எண் கொடுக்க உலக அமைப்பு இருக்கிறது. அதன் பொருளைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.